மஞ்சள் காமாலை மனு

நான் தொழில் பார்த்த இடங்களிலெல்லாம் கட்சிக்காரர்களுக்குத் தலைவலி, காய்ச்சல் எதுவும் வந்து பார்த்ததில்லை. வந்தால் மஞ்சள் காமாலைதான். வாய்தாவுக்கு வரவில்லையா, காமாலை. கெடுவுக்குள் மனுப் போடவில்லையா, காமாலை. ‘மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் எடுத்து வந்தபடியால் தன் வழக்கறிஞரைச் சந்தித்து உரிய தகவல் கொடுக்க இயலவில்லை.’ இந்த ஒரு வாக்கியத்தை இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை தடவை டைப் அடிக்கச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏன் காமாலை என்றால், அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு தேவையில்லை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்தேன் என்றால் முடிந்தது கதை. எழுதுகிற வக்கீலுக்கும் தெரியும், எதிர் வக்கீலுக்கும் தெரியும். தாமதம் என்னால்தான் வந்தது என்று மட்டும் எந்த வக்கீலும் எழுத மாட்டான். நானும் எழுதவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு பெண்ணுக்கு வீடு போயிற்று. அவள் இப்போது புளியங்குடியில் தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு எலுமிச்சை மண்டியில் காய் பொறுக்குகிறாள். ஆடுகளை விற்றாகிவிட்டது. நான் சங்கரன்கோவிலில் அதே வீட்டில், அதே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒன்றியக் கவுன்சிலர் என்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் அட்டை இல்லாத ஒரு புத்தகத்தில் ஆரம்பித்தது. என் சீனியர் தொழிலை விட்டபோது பழைய சட்டப் புத்தகங்களை எனக்குத் தூக்கிக் கொடுத்தார். அதற்கு நடுவே ஓர் அயர்லாந்துக்காரரின் வாழ்க்கை வரலாறு கிடந்தது. முதல் பத்துப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. மனுஷன் பாரிஸ்டர் பரீட்சை தேறி, டப்ளினில் கேஸ் கிடைக்காமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் கப்பல் ஏறி எங்கேயோ தூரத்துக் காலனிக்குப் போகிறார். அங்கே கொஞ்ச நாள் வக்கீல் தொழில். அப்புறம் சட்டசபைக்கு நிற்கிறார். ஜெயிக்கிறார், மந்திரியும் ஆகிவிடுகிறார். கோர்ட்டில் பேசின அதே வாய், அதே கறுப்புக் கோட்டு. நான் டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை மூன்று தடவை படித்தேன்.

அவர் டப்ளினில் ஓட்டின ஈயை நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கீழே தறி ஓடும் ஒரு மாடி அறையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தத்தில் கட்சிக்காரர் சொல்வது பாதி கேட்காது. மாசத்துக்கு நாலு கேஸ் வந்தால் பெரிய காரியம். வயது நாற்பத்தெட்டு ஆகியிருந்தது. நான் பிறந்தது குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில். சொந்தபந்தம், தெரிந்த முகம் எல்லாம் அங்கேதான். ஒன்றியத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும் என்னை அந்த அயர்லாந்துக்காரர் பேய் மாதிரி பிடித்துக்கொண்டார். இப்போது கவுன்சிலர், அப்புறம் சேர்மன், அதற்குப்பிறகு யார் கண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடி முன்னால் நின்று பேசிப்பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆடு மேய்க்கிற குடும்பம். புருஷன் செத்து நாலு வருஷம். ஊருக்குக் கிழக்கே இரண்டு அறை ஓட்டு வீடும், பக்கத்தில் முள்வேலி போட்ட ஆட்டுத் தொழுவும் உண்டு. இரண்டுமே தன் பங்கில் விழுந்தது, அண்ணன் பெண்டாட்டி அதில் சும்மா குடியிருக்கிறாள், காலி செய்ய உத்தரவு வேண்டும் என்று புருஷனுடைய தம்பி வழக்குப் போட்டிருந்தான். அவள் உரச்சாக்கில் தைத்த ஒரு பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வீட்டு வரி ரசீது, கரண்ட் அட்டை, அதோடு நாலாக மடித்த ஒரு பழைய தாள். அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்து எழுதிக்கொண்ட கூறுச்சீட்டு. வீடும் தொழுவும் மூத்தவனுக்கு என்று அதில் தெளிவாக இருந்தது. கீழே அந்தத் தம்பியின் கையெழுத்தே இருந்தது.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு லேசான கேஸ் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ‘போய் நிம்மதியா ஆடு மேய்ச்சுக்கிட்டு இரும்மா, இந்தத் தாள் ஒண்ணு போதும்’ என்று சொல்லி வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். அவள் படியிறங்கினவள் திரும்பி வந்து, தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எலி வந்துவிடப் போகிறது என்றாள். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எலி ஒன்றும் வரவில்லை.

நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே வேலை. வழக்குக்குப் பதிலுரை தயார் செய்து, அந்தத் தாளின் நகலைச் சேர்த்து, கோர்ட்டில் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. முதல் வாய்தாவில் அவகாசம் கேட்டேன். அடுத்ததிலும் கேட்டேன். அதற்குள் நான் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். தேர்தல் அறிவிப்பு வரவில்லை, ஆனால் அதற்கு முன்பே முகத்தைக் காட்டிவிட வேண்டுமே. காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு, எழவு ஒன்று விடவில்லை. தெரியாதவர் வீட்டுச் சாவுத் துட்டிக்குக்கூட முதல் ஆளாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாடகைக்கு ஒரு ஜீப் எடுத்திருந்தேன். அவளுடைய கேஸ் கட்டு அந்த ஜீப்பின் பின் சீட்டில் கிடந்தது. போகிற வழியில் எழுதிவிடலாம் என்று எடுத்துப் போட்டதுதான். அதன் மேல் நோட்டீஸ் கட்டு ஏறியது. நோட்டீஸ் மேல் சால்வைப் பொட்டலம் ஏறியது. மூன்றாவது வாய்தா அன்றைக்கு நான் ஒரு கோயில் கொடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வழக்கில் எதிர்த்தரப்பு வரவில்லை என்றால் கோர்ட் காத்துக்கொண்டிருக்காது. வந்தவன் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடும். அப்படித்தான் சொல்லியது. தீர்ப்பானது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவள் கேட்காமல் இல்லை. பிரச்சாரத்துக்கு அவள் ஊருக்குப் போன அன்று நான் ஜீப்பை விட்டு இறங்கினதும் அவள் கேட்ட முதல் வார்த்தை, கேஸ் என்ன ஆயிற்று என்பதுதான். எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. தனக்குக் கேஸ் நடத்துகிற வக்கீல் ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார் என்று ஊர்ப் பெண்களையெல்லாம் கூட்டி வந்து ஆரத்தி எடுத்தாள். அதன்பின் எங்களோடு நாலு ஊருக்கு நடந்தே வந்தாள். தொண்டைத்தண்ணி வற்ற எனக்காக ஓட்டுக் கேட்டாள். அந்நேரம் அவளுடைய வீடு கைவிட்டுப் போய் ஐம்பது நாள் ஆகியிருந்தது. அதைப் பறிகொடுத்த கட்டு பத்தடி தள்ளி ஜீப்புக்குள் கிடந்தது.

நான் ஜெயித்தேன். மாலையும் வேட்டுமாகப் போன நாலாவது நாள் வக்கீல்கள் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாயில் எப்போதும் கிராம்பு இருக்கும். கை கொடுத்து வாழ்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த ஆட்டுக்கார அம்மா கேஸ் ஒருதலையாகத் தீர்ப்பாகி மூன்று மாசத்துக்கு மேல் ஆகிறதே, தெரியுமா என்று கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தேன். ஜீப்புக்கு ஓடிப்போய்ப் பின் சீட்டைக் கிளறினேன். கூறுச்சீட்டு அப்படியே இருந்தது, ஒரு மடிப்புக் கலையாமல்.

அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி முப்பது நாளைக்குள் மனுப் போட வேண்டும். முப்பது போய் அதற்கு மேல் எழுபத்து மூன்று நாள் ஓடியிருந்தது. அந்தத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி, காரணம் சொல்லித் தனி மனு ஒன்று போட வேண்டும். காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். அந்த எதிர் வக்கீலுக்கும் தெரியும்.

சாயங்காலம் அவரே மாடியேறி என் அறைக்கு வந்தார். இந்த மனுஷனை நான் அதற்குப்பிறகு எவ்வளவோ திட்டியிருக்கிறேன். ஆனால் அன்று அவர் சொன்னதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

“வே, பேசாம நீரே ஒரு அபிடவிட் போடும். தப்பு எம்மேலதான், நான் எலெக்ஷன்ல அலைஞ்சிட்டேன்னு எழுதும். நான் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன். வக்கீல் தப்புக்குக் கட்சிக்காரிய எந்த ஜட்ஜும் தண்டிக்க மாட்டாவ. கேஸ் கேஸா நடக்கட்டும்.”

உள்ளது அதுதான். சட்டமும் அதுதான். ஒரு பக்கம் எழுதி என் கையெழுத்தைப் போட்டிருந்தால் அந்த வாரமே மனு அனுமதிக்கப்பட்டிருக்கும், அவள் வீடு அவளிடம் இருந்திருக்கும். ஆனால் பத்து நாளில் சேர்மன் தேர்தல். கவுன்சிலர்கள் கூடி ஓட்டுப் போட்டு ஒருவரைச் சேர்மனாக்க வேண்டும். என் பெயரும் பேச்சில் இருந்தது. ‘ஓட்டுக்கு அலைந்ததால் கட்சிக்காரியின் கேஸைக் கோட்டை விட்டேன்’ என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் கோர்ட்டில் இருந்தால், மறுநாளே அது எல்லார் போனிலும் போய்விடும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கிராம்பைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலையில் அவளுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன்.

அவளிடம் விவரத்தை அரையும் குறையுமாகச் சொன்னேன். தீர்ப்பு ஆகிவிட்டது, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மனுப் போட்டால் சரியாகிவிடும். அவள் எதற்குத் தீர்ப்பு ஆயிற்று என்று கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நின்றாள். டைப் அடித்த தாளை வாசித்துக் காட்டினேன். காமாலை என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு ஒரு சீக்கும் இல்லியேய்யா. நேத்துகூட ஆடு பத்திட்டுத்தான வந்தேன்.”

எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள், இது ஒரு பேச்சுக்கு, கோர்ட்டில் இது சகஜம் என்றேன். அவள் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இப்படி இல்லாத சீக்கைச் சத்தியம் பண்ணி எழுதினால் நிஜமாகவே வந்துவிடாதா என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண்ணை வாங்கிக் கொஞ்சம் நெற்றியில் பூசிக்கொண்டு, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாளாம். இதைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

சேர்மன் தேர்தலைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். என் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். வழிமொழிய ஒரு ஆள்கூட எழுந்திருக்கவில்லை. அதற்காகத்தான் அவள் வீட்டைத் தூக்கிக் கொடுத்தேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

தோற்றவன் சும்மா இருந்தானா. முகத்தை விட்டுவிடக் கூடாதே என்று, வாக்காளப் பெருமக்களுக்கு நன்றி சொல்லி ஊர் ஊருக்கு ஃப்ளெக்ஸ் வைத்தேன். எந்தப் படம் போடலாம் என்று போனில் தேடினபோது ஒன்று கண்ணில் பட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். எதிரே அவள் ஆரத்தித் தட்டோடு வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அதையே போடச் சொன்னேன். ஓரத்தில் ஊர் பெயரும் பிரச்சாரத் தேதியும்கூடப் போட்டிருந்தான் அச்சடித்தவன். அந்த ஃப்ளெக்ஸில் ஒன்று கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. தினமும் அதற்குக் கீழேதான் வண்டியில் போனேன், வந்தேன். நாற்பது நாள் போய் வந்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்தப் படத்தில் என் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

மனு விசாரணைக்கு வந்தது. காரணம் உண்மைதானா என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை கேட்டது. சாதாரணமாக யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டார்கள். அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். முந்தின நாள் நான் சொல்லிக் கொடுத்ததை அவள் பாடம் மாதிரி ஒப்பித்தாள். மூன்று மாசம் காமாலை. கீழாநெல்லி. படுத்த படுக்கை. குரல் பிசிறவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

எதிர் வக்கீல் உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். என் ஃப்ளெக்ஸைப் படம் பிடித்துப் பெரிசாக்கி வைத்திருந்தார். இதில் நிற்பது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். கையில் என்ன என்றார். ஆரத்தித் தட்டு, வக்கீலய்யா ஓட்டுக் கேட்டு வந்தார் என்றாள். தேதியை வாசித்துக் காட்டிவிட்டு, அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அவளுக்கு இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சொல்லிக் கொடுக்காத இடத்தில் அவளுக்கு உண்மைதான் வரும். பிரியாணி என்றாள். சங்கரன்கோவிலிலிருந்து வக்கீலய்யா வரவழைத்துக் கொடுத்த பிரியாணி, ரெண்டு பொட்டலம் என்றாள். கோர்ட் முழுக்கச் சிரித்தது. காமாலைக்காரி பிரியாணி சாப்பிட்ட கதை அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாக, அவளுக்குக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

“உங்களுக்கு எந்தச் சீக்கும் இல்ல. உங்க வக்கீல் ஓட்டு கேக்கப் போனதாலதான் கேஸ் இப்படி ஆச்சு. அப்படித்தானம்மா?”

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற கேள்வியா அது. அவளுக்குக் கதவைத் திறந்து விட்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி என் தலையில் விழும், அவள் தப்பிப்பாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது ஒன்றாம் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். எழுந்து, ‘ஐயா, உண்மை அதுதான்’ என்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பேசிப் பிழைத்த வாய். பின் வரிசையில் இரண்டு கவுன்சிலர்கள் வேறு ஏதோ வேலையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கட்டைப் புரட்டிக்கொண்டு குனிந்திருந்தேன்.

“இல்லய்யா,” என்றாள். “எனக்கு மஞ்சக்காமாலைதான்.”

மனு தள்ளுபடி ஆயிற்று. மனுதாரர் சுத்தமான கரங்களோடு நீதிமன்றத்தை நாடவில்லை என்று உத்தரவில் எழுதியிருந்தது. அதைத் தமிழில் அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோற்றுவிட்டது, மதுரை ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன். வாசல் வேப்பமரத்தடியில் நின்று, உங்களுக்கு எதுவும் ஆகவில்லையே என்று என்னை விசாரித்துவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த அயர்லாந்துக்காரர் புத்தகத்தை எடுத்தேன். அவர் கப்பலேறுகிற பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். தன் கையில் இருந்த வழக்குகளை ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார் என்று ஒரே ஒரு வரி. அடுத்த வரியில் கடல் காற்று வந்துவிடுகிறது. அந்தக் கட்டுகள் யாருடையவை, அதில் எவளுடைய வீடு இருந்தது, அந்த நண்பர் அதைப் பிரித்தாவது பார்த்தாரா, ஒன்றும் இல்லை. மூன்று தடவை படித்தபோது இந்த வரி எனக்குக் கண்ணிலேயே படவில்லை. புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். பாவம், அந்த மனுஷன் ஒப்படைக்கவாவது செய்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபப்படக்கூட யோக்கியதை இல்லை.

மதுரைக்குப் போனேன். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் கொட்டினேன். இப்போதாவது என் தப்பை ஒப்புக்கொண்டு நானே ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அண்ணாச்சி, இத மொதல்லயே குடுத்திருந்தா ஜெயிச்சிருப்பீங்க. இப்ப நீங்க உண்மையச் சொன்னா அந்தம்மா கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதா ஆயிரும். சொல்லலேன்னா மனுவுல ஒண்ணுமே இல்ல.”

அன்றிலிருந்து நான் இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் கிடக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவள் பொய்க்காரி. சொல்லாவிட்டால் அவள் தெருவில். இப்படி ஒரு பூட்டைப் போட்டு, சாவியைக் கிணற்றில் எறிந்தவன் நான். கடைசியில் காமாலையையும் சொல்லாமல், என் தப்பையும் சொல்லாமல், வயதையும் ஏழ்மையையும் காட்டி மழுப்பலாக ஒரு சீராய்வு மனுப் போட்டுவிட்டு வந்தேன். தடை உத்தரவு கிடைக்கவில்லை. மனு இன்னும் கிடக்கிறது.

வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கக் கோர்ட்டிலிருந்து அமீனா போகிறார் என்று தெரிந்ததும் காலையிலேயே அங்கே போனேன். எதற்குப் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. நான் போவதற்கு முன்பே சாமான்கள் பாதி வெளியே வந்துவிட்டன. மிக்ஸி, இரும்புக் கட்டில், சோற்றுப்பானை, புருஷன் படம். தொழுவைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆடுகள் எங்கேயும் போகாமல் சாமான்களைச் சுற்றியே நின்றன. ஒரு குட்டி கட்டில்மேல் ஏறி நின்றது. அவளுடைய கொழுந்தன் பூட்டும் கையுமாக வேப்பமரத்தடியில் நின்றான். அவன் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

ஜீப்பைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் விலகி வழி விட்டார்கள். கவுன்சிலர் வந்துவிட்டார், ஏதாவது செய்வார் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அமீனாவிடம் ஒரு வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். நான் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அவர் செய்ய முடியாது என்றும் தெரியும். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. யார் பார்த்தால் என்ன, எவன் படம் பிடித்தால் என்ன என்று ஆகிவிட்டது. நடுவாசலில் நின்றுகொண்டு சத்தமாகவே சொன்னேன். இந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, இவளிடம் சரியான தாள் இருந்தது, நான்தான் கோர்ட்டில் கொடுக்காமல் விட்டேன், ஓட்டுக் கேட்டு அலைந்ததில் இவள் கேஸைப் பார்க்கவில்லை, இந்த வீடு போனது என்னால்தான். ஒன்றுவிடாமல் சொன்னேன். கோர்ட்டில் சொல்லியிருக்க வேண்டிய அதே வார்த்தைகள்.

ஒரு பெரியவர் வந்து என் தோளைத் தொட்டார்.

“விடுங்க அண்ணாச்சி. நீங்க என்ன செய்வீய பாவம். ஒரு கவுன்சிலர் இப்படி இறங்கி வந்து பழிய ஏத்துக்கிடுதாருன்னா, அந்த மனசு யாருக்கு வரும்?”

ஆமாம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தர்கூட நம்பவில்லை. நான் பேசினது அவர்களுக்கு ஒரு பெருந்தன்மை, ஒரு மேடைப் பேச்சு. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ‘அய்யோ, நெசமாத்தான்யா சொல்லுதேன்’ என்று இன்னொரு தடவை சொன்னேன். அதையும் பெருந்தன்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தடவையும் உங்களுக்குத்தான் ஓட்டு என்றார் ஒருவர்.

அவள் சோற்றுப்பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு நின்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மதுரையில கூப்பிட்டுக் கேட்டாவன்னா, அங்கன என்ன சீக்குன்னு சொல்லணும்யா? இந்தத் தடவ பிரியாணியச் சொல்ல மாட்டேன்.”